கேடயம் போதாது, சான்றிதழ் வேண்டும்!

(ஆண்டிமடத்தில் ஆற்றிய உரை)



முந்திரித் தோப்புகள் சூழ்ந்த இந்த ஆண்டிமடத்துக்கு வந்து, கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பேச வேண்டியவன் கபடியைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் பிணைந்தவை.

பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் கபடி. மண்தரையில் முழங்கால் தேய, மூச்சை அடக்கி, எதிரணியைக் கலக்கிக் கேடயம் பெற்று வருகிறான் நம் பிள்ளை. ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடுகிறது. ஆனால் கல்லூரி வாயிலில் அந்தக் கேடயம் செல்லாக் காசு! அங்கே கேட்பது சான்றிதழை.

விளையாட்டு வீரர்க்கு இடமே இல்லை என்று நான் கூறவில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் உண்டு. மருத்துவப் படிப்பில் 7 இடங்கள் உண்டு. கலை, அறிவியல் கல்லூரிகள் பலவும் தத்தம் அணிக்கு ஆள் தேடுகின்றன. தேர்வு ஆட்டம் நடத்திச் சேர்த்துக்கொள்கின்றன. கதவு இருக்கிறது. அதன் சாவி யார் கையில் இருக்கிறது? அதுதான் என் கேள்வி.

ஒரு காலத்தில் அந்தச் சாவி பேட்டி காண்போர் கையில் இருந்தது. இந்த மாநிலத்திலேயே மருத்துவக் கல்லூரிப் பேட்டிக்கு 75 மதிப்பெண். அதில் விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை என்பது ஒரு தலைப்பு. தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக மதிப்பெண் போட்டது சட்டத்துக்கு ஒவ்வாது என்று 1970-இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று சான்றிதழின் தரத்தை அளந்து வரிசைப்படுத்துகிறார்கள். இது முன்னேற்றந்தான். ஆனால் அந்தச் சான்றிதழைப் பெறும் வழி எல்லார்க்கும் ஒன்றா?

அமெரிக்காவைப் பாருங்கள். ஆம்கர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற சிறு கல்லூரிகள் விளையாட்டில் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை. ஆட்டத்துக்காக உதவித்தொகை தரக்கூடாது என்பது அப்பிரிவின் விதி. பணம் தரக்கூடாதே தவிர, இடம் தரலாம் அல்லவா? பயிற்சியாளர் குறித்துக் கொடுக்கும் பெயருக்குச் சேர்க்கைக் குழு செவி சாய்க்கிறது. அத்தகையவர்க்குக் கிடைக்கும் சலுகை எவ்வளவு பெரிது என்பதைச் சுல்மன், போவன் என்ற இருவர் 2001-இல் நூலாகவே எழுதிக் காட்டினர். துடுப்புப் படகும் சுவர்ப்பந்தும் யார் வீட்டுப் பிள்ளைக்கு வாய்க்கும்? 2019-இல் வெளிப்பட்ட ஊழலோ இன்னும் கொடிது. ஆடாத பிள்ளைகளை ஆட்டக்காரர் எனக் காட்ட, செல்வர்கள் பயிற்சியாளர்களுக்குக் கையூட்டுக் கொடுத்திருந்தனர்!

ஆற்றல் ஏழையிடம் இருந்தாலும், அதற்கான அத்தாட்சி வசதி படைத்தவன் கையில் எளிதில் சேர்ந்துவிடுகிறது. அங்கும் அதுதான், இங்கும் அதுதான்.

ஆற்றலுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய ஹாக்கி அணிக்கு ஆடிய செல்வம் கார்த்தி அரியலூர்ப் பிள்ளை. அவர் பயிற்சி பெற்றதோ தொலைவிலுள்ள கோவில்பட்டியில்! எல்லாப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுமா? குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏணி நிற்கிறது. ஒவ்வொரு படிக்கும் காலணி வேண்டும், பேருந்துக் கட்டணம் வேண்டும், அழைத்துச் செல்ல உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். பெண் பிள்ளையானால் துணைக்கு ஆள் வேண்டும். அன்றைய கூலியை இழக்கத் தாய் துணிய வேண்டும். படியேற முடியாதவளைத் திறமையற்றவள் என்று எழுதிவிடுவது எந்த ஊர் நீதி?

ஆகவே தோழர்களே, கைதட்டிவிட்டுக் கலைந்து போகாதீர்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா, ஆடுகளம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிடைக்கும்வரை கேளுங்கள். குடியரசு நாள் விளையாட்டுப் போட்டிக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் பெயர் கொடுக்கும் நாளை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கள். கேடயத்துக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை வழிச்செலவுக்கு ஒதுக்குங்கள். சான்றிதழைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

இளைஞர்களே, இன்னொன்றையும் மறைக்கமாட்டேன். 500 இடங்கள் மாநிலம் முழுமைக்கும். தேர்ச்சி பெறாதவனை எந்தச் சான்றிதழும் உள்ளே விடாது. ஒரு கையில் பந்து இருந்தால் மறு கையில் புத்தகம் இருக்கட்டும்!

களத்தில் கோட்டைத் தொட்டுத் திரும்பும் நம் பிள்ளை, கல்லூரி வாயிலையும் தொடட்டும். தொட்டுத் திரும்ப அல்ல, உள்ளே செல்ல!