கூடிப் படிப்போம்!

(பாகூர் கொம்யூனில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால், இவன் புத்தகத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் கூலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு விஷயமும் எழுதியிருந்தது. வேலை கேட்டு மனுக் கொடுத்து 15 நாளில் வேலை தராவிட்டால் படி தர வேண்டும் என்பதுதான் அது. நம் தெருக்களில் எத்தனை பேர் அந்தப் படியைக் கேட்டார்கள்? சட்டம் அச்சில் இருந்தது. படித்துச் சொல்ல ஆள் இல்லை. படித்தவனுக்கோ உட்கார்ந்து பேச இடம் இல்லை. தெரியாத உரிமையை யார் போய்க் கேட்பது? இதுதான் கூலிக்கும் படிப்புக்கும் உள்ள சம்பந்தம்.

இந்த ஊரின் படிப்பு

பாகூருக்குப் படிப்பு புதிது அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இந்த ஊரில் பெரிய வித்யாஸ்தானம் ஒன்று இருந்தது. அதன் செலவுக்காக மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்த கதையைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. அந்த மூன்று கிராமங்களிலும் உழுதவர்கள் யார்? நெல்லை விளைவித்து அளந்தவர்கள் யார்? உள்ளே உட்கார்ந்து வேத சாஸ்திரம் படித்தவர்கள் வேறு; வெளியே சேற்றில் நின்றவர்கள் வேறு. நம் முப்பாட்டன்மார் விளைவித்த நெல்லில்தான் அந்தப் படிப்பு நடந்தது. ஆகவே படிப்பு நமக்கு யாரோ போடும் பிச்சை என்று எண்ணாதீர்கள். அது நமக்கு வர வேண்டிய பழைய பாக்கி!

1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதியை ஆலைத் தொழிலாளர்கள் மறக்கமாட்டார்கள். பிரெஞ்சு ஏகாதிபத்தியம் சுட்டு 12 தோழர்களைக் கொன்ற நாள் அது. அந்தத் தியாகத்துக்குப் பிறகுதான் அடுத்த ஆண்டு 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தப் போராட்டத்துக்கு இரண்டு ஆண்டு முன்னால், 1934-ல், தோழர் வ. சுப்பையா என்ன செய்தார்? ‘சுதந்திரம்’ என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். கொடி பிடிக்கும் கைக்கு முன்னால் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பீடித் தொழிலாளியும் சுருட்டுத் தொழிலாளியும்

“நாள் முழுவதும் நடவு நட்டு, களை பறித்து வருகிறோம். படிக்க நேரம் ஏது?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இதற்குத் தொழிலாளர்களே கண்ட பதில் உண்டு.

கேரளத்தில், கண்ணூர்ப் பக்கம், பீடித் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் பத்திரிகையை உரக்கப் படிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் உலகச் செய்தி தெரிந்தது. முதலாளிகள் கம்பெனிகளை மூடியபோது, 1969-ல், அந்தத் தொழிலாளர்கள்தான் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைக் கட்டினார்கள்.

கியூபா நாட்டிலும் இதே கதை. 1865-ல் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு வாசிப்பாளரை அமர்த்திக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை போட்டது. காகிதத்தைக் கண்டு சர்க்கார் ஏன் பயந்தது? பத்துப் பேர் ஒன்றாய்க் கேட்டால், பத்துப் பேரும் ஒன்றாய்ப் பேச ஆரம்பிப்பார்கள் என்பதால்தான். தடை போனது, வாசிப்பு மீண்டும் வந்தது. அங்கே கதைகளும் படித்தார்கள். ‘மாண்டி கிறிஸ்டோ’ என்ற நாவல் தொழிலாளிகளுக்கு மிகவும் பிடித்துப் போய், இன்றும் ஒரு சுருட்டுக்கு அதன் பெயர் இருக்கிறது.

எப்படி நடத்துவது?

வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். பத்துப் பேர் போதும். ஒருவர் உரக்கப் படிக்கட்டும். ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்துங்கள். “இது நம் ஊரில் எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். படித்தவரே பேசிக்கொண்டிருந்தால் அது பிரசங்கம் ஆகிவிடும். எழுத்துத் தெரியாதவர் முதலில் பேசட்டும். எட்டுப் பக்கம் படித்த பையனை விட, நாற்பது வருஷம் நாற்று நட்ட அம்மாவுக்கு நிலத்தைப் பற்றி அதிகம் தெரியும்.

இடம் முக்கியம், தோழர்களே. சேரி ஜனங்கள் தயங்கி நிற்கும் திண்ணையில் கூடாதீர்கள். எல்லோரும் ஒரே பாயில் உட்காரும் இடம்தான் நம் இடம். நேரத்தைப் பெண்கள் சொல்லட்டும். உலை கொதிக்கிற நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

முதல் வாரம் சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பைப் படியுங்கள். அடுத்த வாரம் ஒரு கதை படியுங்கள். உரிமை தெரிய அறிவிப்பு வேண்டும். அடுத்தவன் துயரம் புரியக் கதை வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சங்கம் நிற்கும்.

“எல்லாம் போனிலேயே வருகிறதே” என்கிறார்கள் இளைஞர்கள். வரட்டும். ஆனால் போனைத் தனியாகப் பார்க்கிறோம். பொய்யும் மெய்யும் ஒரே வேகத்தில் வருகின்றன. வட்டத்தில் உட்கார்ந்தால் “எழுதியது யார்? எந்த வருஷத்துச் செய்தி? இதனால் யாருக்கு லாபம்?” என்று நாலு பேர் கேட்பார்கள். சாதிச் சண்டை மூட்டுகிற வதந்தி அந்தக் கேள்விகளைத் தாண்டி ஊருக்குள் நுழையாது.

கடைசியாக ஒன்று. ரோடியர் மில் என்று நம் ஜனங்கள் சொன்ன ஏ.எப்.டி., சுதேசி, பாரதி ஆகிய மூன்று ஆலைகளும் 2020-ல் மூடப்பட்டுவிட்டன. போனது வேலை மட்டுமா? ஷிப்ட் முடிந்து ஆயிரம் பேர் நின்று பேசிய மில் வாசலும் போயிற்று. அன்று ஒன்றாய் நின்றவர்கள் இன்று ஆளுக்கொரு பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார்கள், காவல் வேலை பார்க்கிறார்கள். வயலிலும் இயந்திரம் வந்து, கூட்டமாய் அறுத்த கைகளைப் பிரித்துவிட்டது. பிரிந்து கிடப்பவனிடம் பேரம் பேசுவது முதலாளிக்குச் சுலபம். நாம் கூடுவதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலை இந்த ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரிலும் பாகூரிலும் திறப்போம்.

ஒரு விளக்கு, ஒரு பாய், ஒரு புத்தகம், பத்துத் தோழர்கள். செலவு அவ்வளவுதான். வாருங்கள்!