முதல் இசைத்தட்டு



கியா பார்மில் மழை விட்டுப் பனி இறங்கும் மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்குள் இருக்கிறோம். தாத்தா வானொலியில் பழைய பாட்டுக் கேட்கிறார். பேரன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறான். என்ன பாட்டு என்று கேட்டால், "ராக் மியூசிக், தாத்தா" என்கிறான். வாங்கிக் கேட்ட தாத்தா, "இது பாட்டா? தகரத்தைத் தட்டுகிற சத்தமல்லவா!" என்கிறார். பேரனோ, "உங்கள் பாட்டு வெறும் பட்டிக்காட்டுப் பாட்டு" என்கிறான்.

இருவரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது என்னவென்று இன்று பார்ப்போம்.

முதலில் தாத்தாவின் பாட்டு. 1976ஆம் ஆண்டு மே மாதம் 'அன்னக்கிளி' என்ற படம் வெளிவந்தது. இளையராஜா இசையமைத்த முதல் படம் அது. அதற்குமுன் தமிழ்நாட்டிலேயே பல இளைஞர்கள் 'ஆராதனா', 'பாபி' போன்ற இந்திப் படப் பாட்டுகளைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பொருள் புரியாவிட்டாலும் அதுதான் நாகரிகம் என்று பலர் நினைத்தார்கள்.

இளையராஜா மதுரைச் சீமையில் பண்ணைப்புரம் என்ற மலையடிவாரச் சிற்றூரில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். பிறகு சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றார். கிட்டார் வாசித்தார். ஜி. கே. வெங்கடேஷ் என்ற இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்தார். பஞ்சு அருணாசலம்தான் அவருக்கு வாய்ப்பும் கொடுத்து, 'இளையராஜா' என்ற பெயரையும் சூட்டினார்.

அந்தப் படத்தில் அவர் என்ன செய்தார்? கிராமத்தில் கேட்டு வளர்ந்த மெட்டுகளை மறைக்கவில்லை. நாத்து நடுகிறவர்களும் அரிசி குத்துகிற பெண்களும் பாடுகிற நடையை அப்படியே எடுத்துக்கொண்டார். தாம் கற்ற கிட்டாரையும் வயலினையும் அதற்குத் துணையாக நிறுத்தினார். எஸ். ஜானகியின் குரல் வயற்காட்டிலிருந்து வருவதுபோல் ஒலித்தது. கேட்டவர்கள், "இது நம் வீட்டுப் பாட்டு" என்றார்கள். அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் பாட்டுகள் பழசாகவில்லை.

இனி பேரனின் பாட்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் அன்று ஆலைகள் நிறைந்த நகரமாக இருந்தது. அங்கே டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகடு வெட்டும் ஆலையில் வேலை செய்தான். வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைப் பழக்கக்காரனான அவனுக்குக் கிட்டார்த் தந்திகளை அழுத்துகிற கை அதுதான். இனி வாசிக்கவே முடியாது என்றார்கள். அவன் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். வலி தெரியாமலிருக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பின்னாளில் அவற்றைத் தளர்த்தியும் வாசித்தான். அந்தக் கனத்த ஓசைக்கு இதுவும் ஒரு காரணம்.

அவனும் அதே ஊர் நண்பர்கள் மூவரும் சேர்ந்த குழுவின் பெயர் 'பிளாக் சபாத்'. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் ஆடுமாடு அறுக்கும் கூடத்தில் வேலை செய்தவர். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பாடிப் பதிவு செய்த அவர்களுடைய முதல் இசைத்தட்டு, 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. அன்றைய விமர்சகர்கள் பலர் அதைச் சாடினார்கள். ஆனால் மக்கள் கைவிடவில்லை. 2025 ஜூலையில் ஆஸி மறைந்தபோது, அந்த ஊரே தெருவில் திரண்டு நின்று வழியனுப்பியது.

நேயர்களே, இப்போது புரிகிறதல்லவா? ஒன்று வயற்காட்டு ஓசை; மற்றொன்று ஆலை ஓசை. இரண்டையும் தந்தவர்கள் நம்மைப் போன்ற உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள். முதல் தட்டில் அவர்கள் யாரையும் பார்த்து நடிக்கவில்லை. தம்மிடம் இருந்ததையே வெட்கப்படாமல் வைத்தார்கள். அவை நிலைத்து நிற்பதன் இரகசியம் இதுதான்.

நம்மிடம் என்ன இருக்கிறது? கொழுந்துக் கூடையோடு மலையேறிய பாட்டிமார் பாடிய தெம்மாங்கு இருக்கிறது, தாலாட்டு இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது. அவற்றுள் பல எந்தத் தட்டிலும் ஏறாதவை. பாடுகிறவர் போனால் பாட்டும் கூடவே போய்விடும்.

பேரப்பிள்ளைகளே, உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யார் சொல்லிக்கொடுத்தது, எந்த வேலையில் பாடியது என்பதையும் கேட்டு வையுங்கள். பெரியவர்களே, பேரன் கேட்கும் பாட்டையும் ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே விரலிழந்த ஒரு தொழிலாளி இருக்கிறான்.