பச்சோந்திக்குப் பூர்விகம் எது?

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



"எந்த ஊர்?" என்று கேட்டால் இப்போது குடியிருக்கும் ஊரைச் சொல்வோம். "பூர்விகம் எது?" என்று கேட்டால் பதில் வேறாக இருக்கலாம். உயிரினங்களுக்கும் இது பொருந்தும்.

உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. எனவே, பச்சோந்திகள் அங்கே தோன்றி ஆப்பிரிக்காவுக்குப் பரவியிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதினர். மரபணு ஆய்வுகளோ ஆப்பிரிக்காவையே பூர்விகமாகக் காட்டின. கல்லில் சான்று உண்டா?

கென்யாவில், விக்டோரியா ஏரியில் உள்ளது ருசிங்கா தீவு. சுமார் 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அருகிலிருந்த எரிமலை கக்கிய சாம்பல், அங்கு இறந்த உயிர்களை மூடிப் பாதுகாத்தது. அங்கே ஒரு பச்சோந்தியின் முழு மண்டையோடு கிடைத்தது. முதலில் அதை ஆப்பிரிக்காவில் இன்றும் வாழும் வேறொரு பேரினத்தில் சேர்த்தனர். பின்னர் எக்ஸ் கதிர்களால் அடுக்கடுக்காகப் படமெடுத்து, கணினியில் முப்பரிமாணமாக்கி மீண்டும் ஆராய்ந்தனர். 2020இல் முடிவு வெளியானது: அது 'காலும்மா' பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினம் இன்று மடகாஸ்கரில் மட்டுமே வாழ்கிறது!

அதாவது, தீவுக்கே உரியவை என்று நாம் எண்ணியவற்றின் உறவினர் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் வாழ்ந்திருக்கின்றனர். மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்ததோ சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆகவே அவை மிதக்கும் மரங்களில் தொற்றிக்கொண்டு கடல் கடந்திருக்கலாம் என்கின்றனர்.

இதை வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் இன்றைய பரவலை மட்டும் வரைபடத்தில் காட்டி, "பூர்விகம் எது?" என்று கேளுங்கள். பலர் மடகாஸ்கர் என்பார்கள். பிறகு ருசிங்கா மண்டையோட்டைப் பற்றிச் சொல்லுங்கள். விடைகள் மாறும்.

முதலில் மடகாஸ்கர் என்ற குழந்தையின் விடைக்குத் தவறுக்குறி போட்டுவிடாதீர்கள். கையிலிருந்த சான்றுக்கு அது சரியாகவே சிந்தித்தது. புதிய சான்று வந்ததும் விடையைத் திருத்திக்கொண்டது. மண்டையோட்டை மீண்டும் ஆராய்ந்தவர்கள் செய்ததும் அதைத்தான். விடையை மாற்றிக்கொள்வது தோல்வி என்று ஒரு குழந்தை நம் வகுப்பில் கற்றுக்கொண்டால், அது அறிவியலை விட்டே விலகிவிடும்.