சந்தையில் காது பொத்தும் குழந்தை

தலைநகரில் சில ஆண்டுகளேனும் வாழ்ந்த தமிழர் எவரும் சரோஜினி நகர்ச் சந்தையை அறியாதிரார். திங்கட்கிழமை நீங்கலாக நாள்தோறும் அங்கே துணி விற்போர் தம் சரக்கின் விலையைத் தொண்டை கிழியக் கூவுகின்றனர். எண்ணெய்ச் சட்டியில் பொரியும் பண்டத்தின் மணமும் புதுத் துணியின் சாய வாடையும் கலந்து வீசுகின்றன. தோளோடு தோள் உரசாமல் பத்தடி நடக்க இயலாது. நமக்கு இவையெல்லாம் சந்தையின் களை. ஆயினும் அதே நெரிசலில், இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடித் தரையில் அமர்ந்து அலறும் குழந்தையையும் நம்மில் பலர் கண்டிருப்போம். அருகில் செய்வதறியாது நிற்கும் தாயைக் கண்டிருப்போம். "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று சுற்றி நிற்போர் முணுமுணுப்பதையும் கேட்டிருப்போம். ஆட்டிசம் உடைய குழந்தை பொது இடத்தில் இவ்வாறு துன்புறும்போது அதற்கு உண்மையில் நேர்வது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஆட்டிசம் என்னும் சொல், தன்னைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவர் பிளாய்லர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை வேறொரு மனநோயின் கூறைக் குறிக்க ஆக்கினார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின் பிற்காலப் பயணம் சிந்தனைக்குரியது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் இந்தி வடிவத்தில் இது 'ஸ்வபராயணதா' என வழங்குகிறது. தன்னையே பற்றி நிற்றல் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களில் 'புறவுலகச் சிந்தனையற்றோர்' என்றும் 'மதியிறுக்கம்' என்றும் சொற்கள் பயில்கின்றன. இப்பெயர்கள் யாவும் உலகை மறந்து தன்னுள் ஒடுங்கிய ஒருவரையே நம் மனக்கண் முன் நிறுத்துகின்றன. ஆனால், காது பொத்திய குழந்தைக்குப் புறவுலகம் இல்லாமற் போய்விடவில்லை. அது அளவுக்கு மீறி, ஒரே சமயத்தில், வடிகட்டப்படாமல் அதன்மேல் வந்து விழுகிறது. பெயர் ஒன்று சொல்ல, நிகழ்வது நேர்மாறாக இருக்கிறது.

இதனை முதலிலேயே கண்டவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கானர், 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. தூசி உறிஞ்சும் கருவி, மின்தூக்கி முதலியவற்றின் ஓசைக்கு அக்குழந்தைகள் நடுங்கியதை அவர் குறித்து வைத்தார். அதே குழந்தை தான் விரும்பும்போது அதற்குக் குறையாத ஓசையைத் தானே மகிழ்ச்சியோடு எழுப்புவதையும் அவர் கவனித்தார். ஆகவே ஓசையின் அளவு மட்டுமன்று, அது கேளாமல் வந்து புகுவதும் துன்பத்துக்குக் காரணம் என்பது அன்றே தெரிந்திருந்தது. எனினும், புலன் உணர்வின் மிகுதியும் குறைவும் ஆட்டிசத்தை அறிவதற்கான அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற 2013-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டின் நிலையையும் காண்போம். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றபோது அதுவும் இடம்பெற்றது. அச்சட்டத்தின் வரையறை பேச்சுத் தொடர்பையும் உறவையும் நடத்தையையும் கூறுகிறது. புலன்களைப் பற்றிக் கூறவில்லை. ஆனால், சான்றிதழ் வழங்குவதற்காகச் செகந்தராபாத்தின் தேசிய நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 40 வினாக்களை ஆறு பிரிவுகளாக வகுத்து, அவற்றுள் ஒரு பிரிவை முழுவதும் புலன்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. மருத்துவரிடம் செல்லும் பெற்றோர், "இவன் மிக்ஸி ஓசைக்கு அலறுகிறான்" என்பதைச் சொல்லத் தகாத சிறு செய்தி என்று எண்ணி விட்டுவிடலாகாது. அது கேட்கப்படவேண்டிய செய்தியே ஆகும்.

தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்தியபோது, உடம்பால் அறியும் ஊற்றுணர்வை முதலில் வைத்தார். நாவும் மூக்கும் கண்ணும் செவியும் மனமும் அதன்பின் வரும். இன்றைய அறிவியல் ஐம்புலன்களோடு மேலும் சிலவற்றைச் சேர்க்கிறது. உடல் சாயாமல் நிற்கும் சமநிலை உணர்வு, கைகால் எங்கிருக்கிறது என்று பாராமலே அறியும் உணர்வு, பசி, தாகம், வலி முதலிய உள்ளுணர்வு ஆகியவையே அவை. இவற்றில் எதுவும் ஆட்டிசம் உடையவரிடம் மிகுந்தோ குறைந்தோ இருக்கலாம். ஒருவரிடமே செவி மிகக் கூர்மையாகவும் வலியுணர்வு மிக மந்தமாகவும் இருத்தல் கூடும்.

காலையில் அணிந்த சட்டையை நாம் அணிந்த சில நொடிகளிலேயே மறந்து விடுகிறோம். மின்விசிறியின் ஓசையை அது நிற்கும்போதுதான் உணர்கிறோம். புதியதல்லாத செய்தியை மூளை தானே தள்ளிவிடுவதே இதற்குக் காரணம். ஆட்டிசம் உடைய பலரிடம் அவ்வாறு தள்ளும் வேலை எளிதாக நடைபெறுவதில்லை. ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் மூளையின் கிளர்ச்சி பிறரிடம் தணிவதுபோல அவர்களிடம் தணியாதிருப்பதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன. சட்டைக் கழுத்தில் தைத்த துணிச்சீட்டு, காலையில் குத்தியது போலவே மாலையிலும் குத்திக்கொண்டிருக்கும்.

இதனால் விளையும் ஒரு முரண்பாடு பெற்றோரைப் பெரிதும் குழப்புகிறது. பெயர் சொல்லிப் பத்துமுறை அழைத்தாலும் குழந்தை திரும்பிப் பாராது. அடுத்த தெருவில் வெடி வெடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். "காது நன்றாகத்தான் கேட்கிறது, வேண்டுமென்றே செய்கிறான்" என்று வீட்டார் முடிவு கட்டி விடுவர். செவி கேட்பது வேறு, கேட்டவற்றுள் வேண்டியதைப் பிரித்தெடுப்பது வேறு. பல ஓசைகளுக்கிடையே தன் பெயர் தனித்து ஒலிக்காமையாலேயே அக்குழந்தை திரும்பாதிருக்கலாம்.

நம் தமிழ் இல்லங்களில் இத்தகைய சோதனைகள் பொழுது விடியுமுன்பே தொடங்கிவிடுகின்றன. சட்னி அரைக்கும் மிக்ஸி, குக்கரின் சீழ்க்கை, மிளகாய் தாளிக்கும் நெடி, தலையில் தேய்க்கும் எண்ணெயின் பிசுபிசுப்பு, நெற்றியில் இடும் திருநீற்றின் உலர்ந்த உராய்வு ஆகிய யாவும் நமக்கு வீட்டின் அடையாளங்கள். புலன் கூர்மையுடைய குழந்தைக்கு இவற்றுள் ஒன்றோ பலவோ தாங்கொணாத் துன்பமாகலாம். குழைந்த சோற்றை வாயில் வைத்தால் குமட்டும் பிள்ளை, மொறுமொறுப்பான தோசையை விரும்பி உண்ணலாம். அதனை நாக்குச் செருக்கு என்று ஏசுவதில் பயனில்லை.

தில்லிக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. தை மாதக் குளிரில் கம்பளிச் சட்டையை அணிய மறுத்துப் பிள்ளை அழுதால், தாய் அதனைப் பிடிவாதம் என்று எண்ணி வலிந்து அணிவிப்பாள். கம்பளி இழை தோலில் முள்ளாகக் குத்துவது அக்குழந்தைக்கு மெய்யாகவே நேரலாம். உள்ளே மென்மையான பழகிய பருத்திச் சட்டையை அணிவித்து, சீட்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டால் பெரும்பகுதித் துன்பம் நீங்கலாம். இதற்கு மாறாக, குளிரையோ வெப்பத்தையோ வலியையோ போதிய அளவு உணராத குழந்தைகளும் உள்ளனர். சூடான பாத்திரத்தைத் தொட்டும் கையை எடுக்காத பிள்ளை, அழவில்லை என்பதனால் காயமில்லை என்று கருதுவது ஆபத்தானது. அத்தகைய பிள்ளையின் உடலை நாள்தோறும் கண்ணால் பார்த்து அறிதல் வேண்டும்.

அடத்துக்கும் இத்துன்பத்துக்கும் வேறுபாடு காண்பது எங்ஙனம்? அடம் பிடிக்கும் குழந்தை நம் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்ட பொம்மை கிடைத்தால் ஓயும். புலன்சுமை தாங்காத குழந்தைக்குப் பொம்மையைக் கொடுத்தாலும் அழுகை நிற்காது. ஓசையும் வெளிச்சமும் நெரிசலும் குறைந்தால்தான் அது மெல்ல அடங்கும்; அடங்கியபின் களைத்து உறங்கிவிடுவதும் உண்டு. அவ்வேளையில் அதட்டுவதும், கேள்விமேற் கேள்வி கேட்பதும், பலர் சூழ்ந்து தொடுவதும் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

இத்தகையோர்க்கு உதவும் வழிகள் உண்டு. ஜீன் ஏயர்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் புலன்களை ஒருங்கிணைக்கும் பயிற்சி முறையை வகுத்து 1972-இல் நூலாக வெளியிட்டார். தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் அவ்வழியில் ஊஞ்சல், அழுத்தம், பளு தூக்கல் முதலியவற்றைக் குழந்தைக்கேற்பக் கையாள்கின்றனர். ஆட்டிசம் உடையவரும், பின்னர் கால்நடை அறிவியல் பேராசிரியராக விளங்கியவருமான டெம்பிள் கிராண்டின், மாடுகளை அசையாது நிறுத்தும் அழுத்தச் சட்டத்தைக் கண்டு, தம் உடலை இறுக்கி அமைதியளிக்கும் கருவியொன்றைப் பதின்பருவத்திலேயே செய்துகொண்டார். பிறர் தழுவுவதைத் தாங்காத அவர், தாமே கட்டுப்படுத்தும் அழுத்தத்தில் ஆறுதல் கண்டார். புடவைத் தூளியில் இறுகக் கிடந்து உறங்கும் குழந்தையைக் கண்ட நமக்கு இது விந்தையாகத் தோன்றாது.

வீட்டில் செய்யத்தக்கவையும் பல. மிக்ஸியை இயக்குமுன் சொல்லிவிட்டு இயக்கலாம். இயலுமாயின் பொத்தானைப் பிள்ளையையே அழுத்தச் சொல்லலாம். ஓசை குறைக்கும் காதுமூடியை நெரிசலில் மட்டும் அணிவிக்கலாம். நாள் முழுதும் அணிந்தால் செவி மேலும் கூசும். கடைக்குச் செல்வதாயின் கூட்டம் சேருமுன் காலையில் செல்லலாம். "அடித்துப் பழக்கினால் பழகிவிடும்" என்ற பழைய அறிவுரையை மட்டும் அறவே விலக்குதல் வேண்டும். அதனால் குழந்தை பழகுவது ஓசைக்கு அன்று. துன்பத்தை வெளிக்காட்டாமல் அடக்குவதற்கே.

மத்திய அரசுப் பணியாளர் பலர் இப்பேச்சைக் கேட்கக்கூடும் என்பதனால், சில உரிமைகளையும் கூறுவோம். முதன்மைப் பராமரிப்பாளராக உள்ள அரசு ஊழியர், நிர்வாக நெருக்கடிகளுக்கு உட்பட்டு, வழக்கமான சுழல் இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோர அரசின் ஆணைகள் வழி செய்துள்ளன. பெண் ஊழியர்க்கும் தனித்துப் பிள்ளை வளர்க்கும் தந்தையர்க்கும் உரிய 730 நாள் பராமரிப்பு விடுப்பில், மாற்றுத்திறனுடைய பிள்ளைக்கு முன்னர் இருந்த 22 வயது வரம்பு நீக்கப்பட்டுள்ளது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஓராண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தேர்வில் கூடுதல் நேரமும் மொழிப்பாடச் சலுகையும் அளிக்கிறது. தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் சரோஜினி நகருக்கு அருகிலேயே இருக்கிறது. ஆட்டிசம் உடைய மகனின் தாயாகிய மெரி பரூவா அம்மையார் 1991-இல் தொடங்கிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பு ஜசோலாவில் பெற்றோர்க்கும் பயிற்சி அளித்து வருகிறது.

ஆயினும், ஆணைகளும் காப்பீடும் எட்டாத இடமொன்று உண்டு. அது நம் சுற்றத்தார் கூடும் இடம். ஊரைவிட்டு ஆயிரத்தைந்நூறு கல் தொலைவில் வாழும் நமக்குத் திருமணமும் காதுகுத்தும் கோயில் விழாவுமே உறவின் நூலிழைகள். கெட்டிமேளத்துக்குப் பிள்ளை அலறுமே என்று அஞ்சி, அத்தகைய குடும்பம் முதலில் ஒரு விழாவுக்கு வாராதொழியும். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிடும். நாளடைவில் நாமும் அழைப்பதை மறந்துவிடுவோம். புறவுலகச் சிந்தனை அற்றவர் யார் என்ற வினா அப்போது நம்மை நோக்கியே எழும்.

எனவே, அடுத்த திருமணத்துக்கு மண்டபம் பேசும்போது, மேளமும் ஒலிபெருக்கியும் எட்டாத சிறு அறை ஒன்றைக் கேட்டு வாங்கி வைப்போம். அதில் விளக்கைக் குறைத்து, ஒரு பாய் விரித்து, குடிநீர் வைத்தால் போதும். பத்திரிகை கொடுக்கச் செல்லும்போது, "உங்கள் பிள்ளைக்கென்று அமைதியான அறை ஒன்று இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து செல்லுங்கள்" என்று அப்பெற்றோரிடம் சொல்லிவிட்டு வருவோம்.