எலிசபெத்தம்மாள் வீட்டு வாசற்படி

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த பங்கு மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கோவிலுக்கு வெள்ளையடிப்பதும், கொடியேற்றுவதும், தேர் ஜோடிப்பதும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம் சொல்லும் ஜூபிலி வேறு. அடிமைப்பட்டவரை விடுவித்து, இழந்த நிலத்தை உரியவருக்கே திருப்பிக் கொடுக்கும் 50-ஆம் ஆண்டு அது. பெண்களாகிய நாமும் ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்துக்கொண்ட ஒன்று உண்டு. அது நிலமல்ல, நற்பெயர். அதைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடையே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட சகோதரியே சம்மதித்ததால் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

அவர் ஜெபமாலை சொல்லத் தொடங்கினால் கோவிலே அமைதியாகிவிடும். திடீரென்று கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சித்திரை வெயிலிலும் முழங்கைக்குக் கீழே இறங்கிய ரவிக்கை அணிந்தார். மாதம் ஒருமுறை காலைப் பேருந்தில் தனியாக எங்கோ போய்வந்தார். நமக்கு அது போதாதா? "எங்கே போகிறாள்?" என்று கோவில் வாசலில் தொடங்கிய கேள்வி, பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் "யாரைப் பார்க்கப் போகிறாள்?" என்று மாறியது. மறு ஞாயிறு அதற்குப் பதிலும் தயாராகிவிட்டது.

உண்மை என்ன? அவர் கையில் உணர்ச்சியற்ற ஒரு தேமல். தொழுநோயின் ஆரம்பம். மாதாந்திர மாத்திரைக்காகத்தான் அந்தப் பயணம். நாம் கட்டிய கதை அவர் காதுக்கும் எட்டியது. ஆனால் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்லவேண்டும். உண்மை தெரிந்தால் மகளுக்குப் பேசிவரும் சம்பந்தம் முறிந்துபோகும். நோயாளி என்ற பெயரைவிடக் கெட்டவள் என்ற பெயரைச் சுமப்பதே மேல் என்று அந்தத் தாய் முடிவு செய்தார். சகோதரிகளே, நம்மிடம் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்!

அவர் பயந்ததில் தவறில்லை. கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில், தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்றிருந்த விதி 2019-ல்தான் நீக்கப்பட்டது. ஆனால் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-லேயே பரிந்துரைத்துவிட்டது. 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகும். மருந்தும் இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் நீங்கிவிடுகிறது. நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டில் புனித தோமையார் மருத்துவமனை எத்தனையோ தொழுநோயாளிகளுக்குப் பணியாற்றியிருக்கிறது. அந்த நோய்க்கு மருந்து வந்துவிட்டது. நம் நாவுக்குத்தான் இன்னும் வரவில்லை.

நாம் ஏன் அப்படிப் பேசினோம்? யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று அந்தப் பேச்சில் கலந்துகொண்ட நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மூடிய அறை இருந்தது. ஒருவர் வீட்டில் கணவரின் குடி. ஒருவர் வீட்டு நகை அடகுக்கடையில். திருவிழாவுக்கு அணிந்து வந்தது கவரிங். இன்னொருவருக்குச் சீட்டுப் பணம் கட்டமுடியாத கவலை. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், எல்லார் கண்ணும் அடுத்த வீட்டின்மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். நம் கூரையின் ஓட்டை தெரியாமலிருக்க அயல்வீட்டுக் கூரையைப் பிரித்துக் காட்டினோம்.

பௌர்ணமிதோறும் நம் ஊர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கும் ஜனத்திரளைப் பார்க்கிறோம். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு வேண்டுதல். பக்கத்தில் நடப்பவர் "உனக்கென்ன கஷ்டம்?" என்று தோண்டிக் கேட்பதில்லை. நாமோ சின்னக் கூட்டம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அது நமக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், ஆபத்தாகவும் இருக்கலாம்.

"இல்லாததையா சொன்னேன், உள்ளதைத்தானே சொன்னேன்!" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம். 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது அவதூறு. தக்க காரணமில்லாமல் பிறருடைய உண்மையான குறையை அறியாதவருக்கு அறிவிப்பதும் பாவமே என்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் எண், பாவசங்கீர்த்தன இரகசியத்தை எக்காரணம் கொண்டும் மீறலாகாது என்று குருவைக் கட்டுப்படுத்துகிறது. அதே சட்டத்தின் 220-ஆம் எண்ணோ நம் எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது. ஒருவருடைய நற்பெயரையும் அந்தரங்கத்தையும் முறையின்றிக் கெடுக்க யாருக்கும் உரிமையில்லை.

இப்போது லூக்காஸ் நற்செய்தியின் முதல் அதிகாரத்துக்கு வருவோம். வயது சென்றபின் கருவுற்ற எலிசபெத்தம்மாள் ஐந்து மாதம் வெளியே வராமல் மறைந்திருந்தார். பிள்ளையில்லாதவள் என்று ஊர் பேசிய பேச்சு அவருக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலில் ஒரு நாள் மரியாள் வந்து நிற்கிறார். இளம் பெண், மணவாளன் வீட்டுக்கு இன்னும் போகவில்லை, வயிற்றில் குழந்தை. நாமாயிருந்தால் எத்தனை கேள்வி கேட்டிருப்போம்! எலிசபெத்தம்மாளோ முதலில் வாழ்த்தினார். அந்த வாழ்த்துத்தான் அருள்நிறைந்த மரியே செபத்தில் சேர்ந்திருக்கிறது. 53 மணி ஜெபமாலையில் அதை 53 தடவை சொல்கிறோம். சொல்லி முடித்துப் படியிறங்கியதும் என்ன பேசுகிறோம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் மூடிவைக்கச் சொல்லவில்லை. அடி, உதை, பிள்ளைகளுக்கு நேரும் கொடுமை இவற்றை மறைப்பது புண்ணியமல்ல. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. உதவக்கூடியவரிடம் சொல்வது வேறு, ருசிக்காகப் பேசுவது வேறு.

அந்தச் சகோதரியின் கதைக்கு வருவோம். நம்மில் மூத்த அம்மா ஒருவர் அவர் வீட்டுக்குப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அவரோடு மல்லாட்டை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் தடவை போனபோது அந்தச் சகோதரி தாமாகவே எல்லாவற்றையும் சொல்லி அழுதார். மூத்த அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. பிற்பாடு அந்தச் சகோதரியே நம்மிடம் சொன்னபோதுதான் தெரிந்தது.

இன்று அவருக்கு நோய் இல்லை. மகளுக்கும் திருமணமாகிவிட்டது. ஆனால் பூசைக்கு வந்தால் இன்றும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார். அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தது நோயல்ல, நாம்.

ஆகையால் இந்த ஜூபிலி ஆண்டில் மூன்று தீர்மானம் செய்வோம். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப்பற்றிய பேச்சு வந்தால் நிறுத்துவோம். நம்பிச் சொன்னதை நம்மோடேயே வைத்துக்கொள்வோம். யார் பெயரையாவது கெடுத்திருந்தால், கெடுத்த இடத்திலேயே போய், "நான் சொன்னது தவறு" என்று சொல்லுவோம். மூன்றாவதுதான் கடினம். அதுதான் ஜூபிலி.

வரும் ஞாயிறு அந்தச் சகோதரியின் பக்கத்தில் நாமும் போய் உட்காருவோம். நம் ஒவ்வொருவர் வீட்டு வாசற்படியும் எலிசபெத்தம்மாளின் வாசற்படியாகும் வரத்தை அன்னை மரியாள் நமக்குப் பெற்றுத்தருவாராக!

மரியே வாழ்க!