மல்லிகை எண்ணெய்: நாங்க பட்டுத் தெரிஞ்சது
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

5 நிமிசத்துல முடிக்கணும்னு சொல்லித்தான் ஊக்குநர் அக்கா மைக்கைக் கொடுத்திருக்காங்க.

நாங்க நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் பாக்கிற குழு. முகூர்த்தம் இல்லாத நாள்ல வரத்து கூடிட்டா, மல்லிகை விலை பறிகூலிக்கே காணாது. மிஞ்சுற பூவை எண்ணெயாக்கலாம்னு கடன் வாங்கி, ஆவியில எண்ணெய் வடிக்கிற டிரம் ஒண்ணு வாங்கினோம். எந்தப் பூவும் ஓடும்னு வித்தவர் சொன்னார். 20 கிலோ மல்லிகை போட்டோம். வந்தது வெந்த கீரை வாசம் அடிக்கிற தண்ணி. ஒரு பொட்டு எண்ணெய்கூட மிதக்கலை.

பிறகுதான் விசாரிச்சோம். மல்லிகை வாசம் ஒரே பொருள் இல்லை. பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல்னு பல பொருள்கள் சேர்ந்தது. இண்டோல் மலத்திலும் இருக்கிற பொருள்தான் (சிரிக்காதீங்க!). துளி அளவு இருக்கிறதாலதான் மல்லிகை மல்லிகையா மணக்குது. மொட்டுல வாசம் கொஞ்சம்தான். சாயங்காலம் இதழ் விரியும்போதுதான் செடி அதை உண்டாக்கி, ராத்திரி பறக்கிற அந்துப்பூச்சியைக் கூப்பிடுது. பறிச்ச பிறகும் பூ அந்த வேலையைச் செஞ்சுகிட்டே இருக்கும். கொதி ஆவியில போட்டா அது நின்னுபோகுது, இருக்கிற மென்மையான வாசமும் கெட்டுப்போகுது. அதனாலதான் ஆலைகள்ல ஹெக்சேன் ஊத்தி எடுக்கிறாங்க. 1000 கிலோ பூவுக்கு மெழுகு மாதிரி 2, 3 கிலோ கிடைக்கும். ஹெக்சேன் பெட்ரோல் மாதிரி பத்திக்கும். வீட்டுல வச்சுச் செய்யிற வேலை இல்லை.

இப்ப நாங்க செய்யிறது பழைய வழி. சுத்தம் பண்ணின எள்ளையும் பூவையும் அடுக்கடுக்கா பரப்பி வைப்போம். காலையில வாடின பூவை எடுத்துட்டு, சாயங்காலம் புதுப் பூ. எள்ளுல இருக்கிற எண்ணெய் வாசத்தை இழுத்துக்கும். சில நாள் கழிச்சுச் செக்குல ஆட்டுவோம். வடக்கே சமேலி எண்ணெய் இப்படித்தான் எடுத்திருக்காங்க.

லேபிள்லதான் எங்களுக்குள்ள சண்டை. தலைவலி போகும், தூக்கம் வரும்னு போட்டா ஓடும்னு சிலர் சொன்னாங்க. லினலூல் எலிகளை அமைதிப்படுத்துதுன்னு ஆய்வு இருக்கு, உண்மைதான். எலிக்கு நடந்ததை வச்சு நம்ம பாட்டில்ல எழுத முடியுமா? அதே லினலூல் காத்துபட்டுப் பழசானா சிலருக்குத் தோல்ல அரிப்பும் வரும்.

மனுசங்ககிட்டயே பார்த்த ஒண்ணு இருக்கு. பால் வத்தறதுக்கு மல்லிகையை மார்புல வச்சுக் கட்டுறது நம்ம பாட்டிமார் பழக்கம். அதை மாத்திரையோட ஒப்பிட்டு 1988-ல ஒரு ஆய்வு வந்துச்சு. பால் சுரக்கிற ஹார்மோனை மாத்திரைதான் அதிகம் குறைச்சுது. ஆனா பால்கட்டும் வலியும் குறையிறதுல ரெண்டும் சமமா இருந்துச்சு. பிள்ளையைப் பறிகொடுத்த எங்க உறுப்பினர் ஒருத்திக்கு அவ அத்தை கட்டிவிட்டதை நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அன்னைக்கு அது வெறும் நம்பிக்கைன்னுதான் நினைச்சேன்.

அதுவும் பூவைக் கட்டினது பத்தின ஆய்வு, எண்ணெயைப் பத்தி இல்லை. அதனால லேபிள்ல 'நல்லெண்ணெய், மல்லிகைப் பூ'ன்னு மட்டும் போடுறதா முடிவு பண்ணினோம். டிரம்முல இப்ப எலுமிச்சைப்புல் ஓட்டுறோம், அது நல்லா வடியுது. கடன்ல இன்னும் 4 தவணை பாக்கி.