வடகமும் வடூவானும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் வேதியியல் துறை முன்னாள் மாணவி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையலும் விலை உயர்ந்த பொருட்களும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு, "கிரிவலம் போற ஊர்ல இதை யாரு கேக்கப் போறாங்க?" என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி போனில் கேட்டாள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் புதுச்சேரி. 1750ல் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1761ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பதினோரு வருஷம் நம்ம பக்கத்து ஊர்க் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்திருக்கிறது. கொடி போய்விட்டது. சமையலறைச் சம்பந்தம் மட்டும் போகவில்லை.

என் கணவர் வீட்டார் புதுச்சேரிக்காரர்கள். கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் பாரிசுக்கு வெளியே குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை லா ஷப்பேல் பக்கம் போனால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், எல்லாம் கிடைக்கும். அப்படிப் போய்த் திரும்புகிற வழியில் ஒரு நாள் உயர்தர மளிகைக் கடை ஒன்றின் கண்ணாடி அலமாரியில் ஒரு சின்னக் குப்பி. மேலே "வடூவான்" என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. விலையைப் பார்த்தால் குங்குமப்பூவுக்குப் பக்கத்து வீடு. மூடியைத் திறந்து முகர்ந்து காட்டினார்கள். எங்க அம்மா வீட்டு மொட்டை மாடி வாசனை!

ஆமாம், நம்ம தாளிப்பு வடகம்தான். வட ஆற்காட்டுப் பக்கம் பங்குனி, சித்திரை வெயிலில் வீட்டுக்கு வீடு போடுவோமே, அதே வடகம். புதுச்சேரிப் பேச்சில் "வடவம்" ஆகி, பிரெஞ்சு நாக்கில் "வடூவான்" ஆகிவிட்டது. 2000களில் பாரிஸ், நியூயார்க் சமையல் கலைஞர்கள் கையில் அது நாகரிகப் பொருளாயிற்று. அவர்கள் வெங்காயத்தை வெண்ணெயிலோ எண்ணெயிலோ வதக்கி அடுப்புச் சூட்டில் உலர்த்துகிறார்கள். ஏலம், கிராம்பு சேர்ப்பவர்களும் உண்டு. கொஞ்சம் இனிப்பாக, சாதுவாக இருக்கும். கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "செம்மைப்படுத்தப்பட்டது" என்று விளம்பரத்தில் எழுதும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

நம்ம வடகத்தில் என்ன நடக்கிறது என்று வேதியியல் படித்தவர்கள் பாருங்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடிக்கிறோம். இடித்தவுடன் நொதிகள் வேலை செய்து கந்தகச் சேர்மங்கள் கிளம்புகின்றன. கண்ணீர் வருவது அதனால்தான். உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு போட்டுப் பிசறி ஒரு ராத்திரி ஊற விடுகிறோம். மறுநாள் பிழிந்து உருட்டி வெயிலில் காய வைத்து, சாயங்காலம் அதே சாற்றில் திரும்பப் போட்டுப் பிசறுகிறோம். சாறு வற்றுகிறவரை இப்படித் தினமும். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கல் மாதிரி காய்கிறவரை வெயில். பத்து நாளாவது ஆகும். காக்கா ஓட்ட ஒரு ஆள் வேறு.

இதில் வெந்தயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் வாசனைக்கு முக்கியக் காரணம் சோட்டோலோன் என்ற மூலக்கூறு. பிரான்சின் ழுரா மலைப் பகுதியில் வருஷக்கணக்கில் பீப்பாயில் வைத்து எடுக்கும் மஞ்சள் ஒயினிலும், பழைய ரம்மிலும் அதே மூலக்கூறுதான் மணக்கிறது. அந்த ஒயினில் கோழி சமைப்பது அங்கே பெரிய விருந்து. வெந்தயம் போட்ட கோழிக் குழம்பை அந்த ஊர்க்காரர் ஒருவர் முகர்ந்துவிட்டு, "எங்க ஊர் வாசனை மாதிரி இருக்கே" என்று என்னிடம் சொன்னார். அவர் மூக்கு பொய் சொல்லவில்லை.

எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேரும் என்பதைப் பற்றி இப்போது ஆராய்ச்சிகளே வந்துவிட்டன. பொதுவான மணச் சேர்மங்கள் இருந்தால் இரண்டு பொருள் ஒத்துப்போகும் என்ற கருத்து 1990களில் கிளம்பியது. 2011ல் ஐம்பத்தாறாயிரம் சமையல் குறிப்புகளைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். மேற்கு ஐரோப்பிய, வட அமெரிக்கச் சமையலில் அந்தக் கருத்து பெரும்பாலும் பொருந்திற்று. கிழக்காசியச் சமையலில் நேர்மாறு. 2015ல் ஜோத்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் 2,500க்கும் மேற்பட்ட இந்தியக் குறிப்புகளை அலசினார்கள். நம்ம சமையலில் ஒன்றோடொன்று மணம் ஒட்டாத பொருட்களைத்தான் அதிகமாகச் சேர்க்கிறோம், அதற்கு முக்கியக் காரணம் மசாலாப் பொருட்கள் என்று முடிவு வந்தது. ஒரு வடகத்துக்குள்ளேயே இத்தனை சாமான் எதற்கு என்று கேட்கிற மருமகள்களுக்கு இதைக் காட்டலாம்!

அதனால் பிரெஞ்சுச் சமையலை நம்ம வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் கைவிட வேண்டியது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டுகிற பழக்கம். விலை உயர்ந்த பொருள் ஒன்றே ஒன்று போதும். மற்றதெல்லாம் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கணும்.

ட்ரஃபிள் என்று ஒன்று இருக்கிறது. ஓக் மர வேரடியில் மண்ணுக்குள் விளையும் காளான் இனம். பெரிகோர் பகுதிக் கறுப்பு ட்ரஃபிள் கிலோ ஆயிரம் யூரோ அளவில் போகும். முதல் தடவை முகர்ந்தபோது எனக்குப் பெருங்காய டப்பா ஞாபகம் வந்தது. இரண்டிலும் கந்தகச் சேர்மங்கள்தானே! இந்த மணம் கொழுப்பில் தங்கும், கொதித்தால் பறந்துவிடும். அதனால் வீடுகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு டப்பாவில் முட்டைகளோடு ட்ரஃபிளை இரண்டு நாள் மூடி வைக்கிறார்கள். ஓட்டின் நுண்துளை வழியே மணம் முட்டைக்குள் இறங்கிவிடும். முட்டையை வெண்ணெயில் மெல்லக் கிளறிச் சாப்பிடுவார்கள். ட்ரஃபிள் அப்படியே மிச்சம். சிக்கனத்தில் நம்ம பாட்டிமார் தோற்றுவிட வேண்டியதுதான். கடையில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெய் பெரும்பாலும் செயற்கை மணம் கலந்த எண்ணெய். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

குங்குமப்பூ கதை வேறு. ஒரு பூவுக்கு 3 சூல்முடிதான். ஒரு கிலோவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூ வேண்டும். மார்செய் துறைமுகத்து மீனவர்கள் விலை போகாத பாறை மீன்களைப் போட்டுக் காய்ச்சிய சூப்புதான் புய்யாபெஸ். பின்னால் குங்குமப்பூ சேர்ந்து, விருந்தாகி, 1980ல் அந்த ஊர் உணவகக்காரர்கள் அதற்கென்று சாசனமே எழுதினார்கள். அதே புய்யாபெஸ் புதுச்சேரிக்கு வந்தபோது குங்குமப்பூ இடத்தில் மஞ்சள் உட்கார்ந்தது. ஆனால் கூர்ந்து பாருங்கள். குங்குமப்பூவின் நிறம் நீரில் கரையும். ஆகவே வெதுவெதுப்பான நீரிலோ பாலிலோ ஊற வைத்துச் சாற்றில் விடணும். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும். வெங்காயம் வதங்கும்போதே எண்ணெயில் விழணும். புதுச்சேரி வீட்டுச் சமையல்காரம்மாக்கள் பொருளை மாற்றியபோது போடும் நேரத்தையும் மாற்றிவிட்டார்கள். யாரும் அவர்களுக்குக் கரைதிறன் பாடம் எடுக்கவில்லை.

வனிலாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைப் பிரெஞ்சுக்காரர் சொத்து என்று நினைக்கிறோம். சொந்த ஊர் மெக்சிகோ. பிரெஞ்சுத் தீவில் கொண்டுபோய் நட்டால் பூத்தது, காய்க்கவில்லை. 1841ல் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகம் இன்றைக்கும் அந்த வழியில்தான் வனிலா விளைவிக்கிறது. அந்தத் தீவின் பெயர் ரீயூனியன்! நம்ம கூட்டத்துக்குப் பொருத்தமான பெயர். 1848ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்ட வேலைக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்களின் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. வாத்துக் கறியில் வனிலா போடுவது அந்த ஊர் வழக்கம். வனிலா என்றால் ஐஸ்கிரீம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இறால் வதக்கலில் அரை அங்குலக் காய் போட்டுப் பாருங்கள். கடை எசென்ஸ் வேண்டாம், அது செயற்கை வனிலின். உப்புக் காரத்தோடு சேர்ந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

நம்ம மருந்துப் பெட்டியில் கிடக்கும் திப்பிலியையும் அவர்கள் சும்மா விடவில்லை. பழைய ரோமாபுரியில் அது மிளகைவிடப் பல மடங்கு விலை. பிளினி கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பிறகு ஐரோப்பா அதை மறந்தது. இப்போது மறுபடி பாரிஸ் கடைகளில் தலைகாட்டுகிறது. பேரிக்காயை வெல்லப் பாகில் வேகவைத்துத் திப்பிலி தட்டிப் போட்டால் நன்றாக இருக்கும். கறுப்புச் சாக்லேட்டோடும் சேரும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், விடுதித் தங்கை ஒருத்தி இன்று காலை என்னிடம் பேசினாள். அம்மா கொடுத்தனுப்பும் வடகத்தை அறையில் திறக்கவே கூச்சமாயிருக்கிறதாம். "நாறுது" என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்களாம். அவள் அம்மா, "இந்த வருஷத்தோட நிறுத்திடறேன், மாடியில வாடகைக்கு விட்டாச்சு, காய வைக்க இடமில்லை" என்று சொல்லிவிட்டாராம். ஊரில் பாதி வீட்டில் இதே நிலைமை. கடையில் வாங்கலாம், ஆனால் சில இடங்களில் வெங்காயத்தைக் குறைத்து உளுந்தைக் கூட்டி விற்கிறார்கள். உடைத்துப் பார்த்து வாங்குங்கள். மாடி இருக்கிற நாலு வீடு சேர்ந்து ஒரே இடத்தில் போட்டால் என்ன? கூலி கொடுத்தாவது போடலாம். அந்தப் பத்து நாள் வேலையை இலவசமாகப் பெண்கள் தலையில் கட்டியதால்தான் அது நின்றுபோகிறது என்பது என் எண்ணம்.

அந்தத் தங்கைக்கு நான் சொன்ன பக்குவம் இது. நூறு கிராம் உப்பில்லாத வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, எலுமிச்சை அளவு வடகத்தில் பாதியை உதிர்த்துப் போடுங்கள். நுரை அடங்கி வெங்காயம் பொன்னிறம் ஆனதும் இறக்கிவிடுங்கள்; வெந்தயம் கறுத்தால் கசக்கும். வஞ்சிரத் துண்டில் உப்பு, மிளகு மட்டும் தடவி வாணலியில் வாட்டி, மேலே இந்த வெண்ணெயை ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழியுங்கள். மீன் சாப்பிடாதவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்கிலோ பூசணியிலோ ஊற்றலாம். வேறு மசாலா எதுவும் வேண்டாம், கை பரபரத்தாலும் வேண்டாம்.

சாப்பாட்டுக் கூடத்து வாசல் மேசையில் இரண்டு ஜாடி வைத்திருக்கிறேன். ஒன்றில் பாரிஸ் வடூவான், இன்னொன்றில் போன சித்திரையில் என் அக்கா போட்ட வடகம். இரண்டையும் முகர்ந்து பாருங்கள். மூடியை மட்டும் மறக்காமல் இறுக்கி மூடிவிடுங்கள், பக்கத்தில் பாயசம் இருக்கிறது.